மயிலம்மாளின் புறங்கை

செத்துப்போன மாட்டின் காதில் மந்திரம் ஓதி மயிலம்மாள் எழுப்பிவிட்டாள் என்று ரெம்பாவ் டவுன் வரைக்கும் பேச்சு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சீக்கு ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆள் வருகிறது. நடந்ததை நான் சொல்கிறேன். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பதால் என்னை நம்பலாம்.

மயிலம்மாள் எங்கள் தோட்டத்து லயத்தில் மாடு வைத்திருப்பவள். நாலு மாட்டில் மூன்றை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மிஞ்சிய ஒன்றின் பாலில்தான் அவள் தங்கச்சியின் ஆறு மாதப் பிள்ளை உயிரோடிருந்தது. தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். தங்கச்சி புருஷனை சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். நாங்கள் தின்னும் மரவள்ளிக்கிழங்கை வைத்து ஆறு மாதப் பிள்ளை என்ன செய்யும்?

மயிலம்மாளுக்கு ஒரு பழக்கம். கண்மூடிக் கிடக்கும் எதன் மூக்கருகிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். கன்று, பூனை, கைப்பிள்ளை, கணக்கெழுத வேண்டிய நேரத்தில் ஆபீஸ் வாசலில் தூங்கும் கிராணி. பகலில் உறங்கும் என்னையும் விட்டதில்லை. "இருக்கு" என்று ஏதோ ஏமாந்தவள் போலச் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த மாடு முள்கம்பியில் மடியைக் கிழித்துக்கொண்டது. தைக்க வேண்டும், தொட்டால் உதைத்தது. ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்கார டாக்டர் விட்டு ஓடிய குளோரோபாம் மயக்கமருந்தை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரசர் ராமகிருஷ்ணன் எடுத்துவந்தார். "சொட்டு சொட்டா விடணும். மூச்சு மேலயே கண்ணு இருக்கணும். யாருப்பா செய்வீங்க?" என்றார். நான் முன்னே போனேன். ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் இருந்தவன் அல்லவா? தரை கழுவத்தான் இருந்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை.

மாட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, மூக்கில் சாக்குத்துணி வைத்துச் சொட்டவிட்டேன். முதலில் மூச்சு புஸ்புஸ்ஸென்று சீறியது. பிறகு நிதானமானது. பிறகு மெலிந்தது. சும்மா இருக்கும் வாயா இது? கங்காணி சிரம்பானில் வைத்திருக்கும் இன்னொரு வீட்டைப் பற்றி ஆரம்பித்தேன். மடியைத் தைத்துக்கொண்டிருந்த டிரசரே ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். என் கை மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

மயிலம்மாள் புறங்கையை நீட்டினாள். "டேய் முனியாண்டி, காத்து வரலடா!"

துணியைப் பிடுங்கி என் முகத்திலேயே எறிந்தாள். மாட்டின் வயிறு உப்பி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. "பொரட்டுங்க! நெஞ்சு தரையில படுற மாதிரி உக்கார வைங்க!" புரட்டினோம். கழுத்தை நீட்டிவிட்டு, எச்சில் ஒழுக நாக்கை வெளியே இழுத்து, விலாவில் முழங்காலால் அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள். "புள்ளைக்கு நான் எத குடுப்பேன்?" என்று மாட்டையே திட்டினாள். நாலாவது அமுக்கலில் மாடு நேராக என் முகத்தில் ஓர் ஏப்பம் விட்டது. புளித்த புல் நாற்றம். அதைவிட நல்ல வாசனையை நான் முகர்ந்ததில்லை.

மறுநாள் விசாரித்தவர்களிடம் மந்திரம் என்று சொல்லிவிட்டேன். வேறு எதைச் சொல்ல?

நேற்று ஆட்டோடு வந்தவர் அவள் முன்னால் வெற்றிலை வைத்து, "செத்த மாட்ட எழுப்புன தாயி, இதயும் கொஞ்சம் பாரும்மா" என்றார். மயிலம்மாள் ஆட்டின் மூக்கில் புறங்கையை வைத்தாள். பிறகு அதே கையால் என்னைக் காட்டினாள்.

"மாடு எங்கய்யா செத்துச்சு? இவன் பேச்ச நிறுத்தல, அது மூச்ச நிறுத்திருச்சு. அவ்ளோதான் லா."