காலி இடமும் சேர்த்து

என் மனைவிக்கு எங்கள் தெருவில் வக்கீலம்மா என்று பெயர். கோர்ட் வாசலை மிதித்தவள் இல்லை. எதையும் முழுசாகப் படிக்காமல் தலையாட்ட மாட்டாள், அதனால் வந்த பெயர். கம்ப்யூட்டரில் 'அடுத்து' என்ற பொத்தானைக் கண்டால் நாமெல்லாம் அழுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவோம். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பாள். நான் பஸ் ஓட்டுகிறவன். எனக்கு இருக்கிற பொறுமை முதல் சிக்னலிலேயே தீர்ந்துவிடும்.

முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்பது அவளுடைய எம்பிராய்டரி மிஷின். ஓட்டல் துண்டில் பெயர், பள்ளிச் சட்டையில் முத்திரை, கம்பெனித் தொப்பியில் சின்னம், எது கேட்டாலும் போட்டுக் கொடுப்பாள். பக்கத்து மேஜையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதிலுள்ள டிசைன் சாஃப்ட்வேர்தான் ஊசி எங்கே குத்த வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்கிறது. அதற்கு முன்னால் பல வருஷம் அவள் ஒரு துணி ஃபேக்டரியில் இருந்தாள். பாத்ரூம் போனால் கடிகாரத்தைப் பார்க்கிற சூப்பர்வைசர். அங்கிருந்து அவள் வெளியே வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு, வாய் நிறையச் சிரிப்பு.

போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிற என் தம்பியைக் கூப்பிட்டோம். வந்தான், காதை வைத்துக் கேட்டான், உடனே அணைத்துவிட்டான்.

"அண்ணி, ஹார்ட் டிஸ்க் போகப்போகுது. முழுசா ஒரு தடவை படிக்கத் தாங்கும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல."

"டிசைன் சாஃப்ட்வேரைப் புது டிஸ்க்ல திரும்பப் போட்டுக்கலாமா தம்பி?"

"அந்தக் கம்பெனியே இழுத்து மூடிட்டாங்க. லைசன்ஸ் யார் குடுப்பா? டிஸ்க்கை அப்படியே காப்பி எடுக்கணும். அதுதான் ஒரே வழி."

காப்பி கிடைக்காவிட்டால் மிஷின் வெறும் இரும்பு. அவள் திரும்ப அந்தக் கடிகாரத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். நான் வாய்விட்டே புலம்பினேன். அவளோ, "எடுத்துடலாம், என்ன பெரிய விஷயம்" என்றாள். புது டிஸ்க் வாங்கும்போது மட்டும் பழையதைவிடப் பெரிய சைஸாகப் பார்த்து வாங்கச் சொன்னாள். ரெண்டும் ஒரே சைஸ் என்றால் எதிலிருந்து எதற்கு என்று குழம்பி, காலி டிஸ்க்கைப் பழையதன் மேல் காப்பி அடித்துத் தொலைக்கிற ஆட்கள் உண்டாம். அதையும் எங்கேயோ படித்திருக்கிறாள்.

மறுநாள் தம்பி லேப்டாப்போடு வந்தான். காப்பி எடுக்கிற சாஃப்ட்வேர் மூன்று வைத்திருந்தான். பழையதைத் தொடாமல், வேறொரு பயனில்லாத டிஸ்க்கை வைத்து மூன்றையும் ஓட்டிக் காட்டினான். முதலாவது கலர் கலராக, பச்சைக் கோடு ஓடுகிற மாதிரி, பார்க்கவே ஆசையாக இருந்தது.

"இதான் அண்ணி. சட்டுனு முடிச்சிடும்" என்றான் தம்பி.

"எப்படி சட்டுனு?" அவள் திரைக்குள்ளேயே போய்விட்டாள். "காலி இடத்தை விட்டுட்டு, ஃபைல் இருக்கிற இடத்தை மட்டும் எடுக்கும்னு போட்டிருக்கே."

"காலி இடத்துல என்ன அண்ணி இருக்கப்போகுது?"

"பூவுக்கும் இலைக்கும் நடுவுல ஊசி தைக்காம நகரும் இல்ல? அந்தக் காலி நகர்வை ஒருதடவை வேண்டாம்னு எடுத்துப் பார்த்தேன். இலை மேலயே பூ வந்து உட்கார்ந்துடுச்சு. லைசன்ஸை இந்த டிஸ்க்ல எங்க எழுதியிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "பழைய சாஃப்ட்வேர் சிலது, ஃபைல் இல்லாத இடத்துல ரகசியமா ஒரு குறி போட்டு வைக்கும். சரியான கேள்விதான் கேட்டீங்க" என்று தொடையைத் தட்டினான்.

இரண்டாவது எல்லாவற்றையும் எடுக்கும். ஆனால் படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, ஒரு படம்கூடக் கிடையாது. கெட்ட இடத்தைத் தாண்டிப்போய், நல்லதையெல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து கெட்டதைப் பார்க்கும். மூஞ்சியைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. அவள் அதைத்தான் கை காட்டினாள். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதைத் தம்பி டைப் அடிக்க, அவள் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். பிறகுதான் ஓட விட்டார்கள்.

பாதிக்கு மேல் போனதும் எண்கள் நகரவே இல்லை. டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

"நின்னுடுச்சு அண்ணி. நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கட்டுமா?"

"கையை எடுங்க தம்பி. முதல்ல இருந்துன்னா இருக்கிற உயிரும் போயிடும். அதுவே தாண்டும்."

சொல்லிவிட்டு ஓட்டல் துண்டுகளில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தேன். "நீங்க நடந்தா அது வேகமா ஓடுமா?" என்றாள். வெகுநேரம் கழித்து எண்கள் நகர்ந்தன. கடைசியில் படிக்க முடியாமல் போனது ஏதோ துக்கடா இடங்கள்தான்.

புது டிஸ்க்கை உள்ளே மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டோம். டிசைன் சாஃப்ட்வேர் லைசன்ஸ் எதுவும் கேட்காமல் திறந்தது. ஒரு துண்டை மாட்டினாள். ஊசிகள் தடதடவென்று இறங்கின. தம்பி விசிலடித்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், அவள் மிஷின் மேல் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தனை தைரியமாக இருந்தவள்.

"என்னங்க, உங்ககிட்ட சொல்லல. நேத்தே சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி வேலை இருக்கான்னு கேட்டுட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நான் திங்கக்கிழமை வரல."

"ஏம்மா? அங்க என்ன அவ்வளவு சத்தம்? ஒண்ணுமே கேக்கல."

அவள் போனை மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள். ஒரு பெயர் முழுக்கத் தைத்து முடிகிறவரை எடுக்கவே இல்லை.