சித்தப்பா ஒட்டிய வட்டம்

சித்தப்பா விமானப் படையில் சேர்ந்த நாளிலிருந்து நைனா அவரோடு பேசுவதில்லை. எறும்பு மிதிபடுமே என்று தரையைப் பார்த்து நடக்கிற செஞ்சி சமண வீடு எங்களுடையது. குண்டு போடும் விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற தம்பியை நைனாவால் ஏற்க முடியவில்லை. பாகிஸ்தான் சண்டைக்குச் சற்று முன்பு லீவில் வந்த சித்தப்பா, இந்தத் தடவை அண்ணனைப் பேச வைக்காமல் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்போதுதான் எனக்கொரு கிளைடர் செய்தார். மூங்கில் சிம்பு, மேலே பட்டம் விடும் காகிதம். என்ஜின் கிடையாது, காற்றிலேயே மிதந்து போகும். காகிதம் விறைப்பாக நிற்க எதைப் பூசுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அரக்கு பாலிஷ் என்றார் சித்தப்பா. அது பூச்சியிலிருந்து வருவது என்றாள் அம்மா. முட்டையின் வெள்ளைக்கரு என்று வாயெடுத்தவர் அம்மா முறைத்ததில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தச்சர்களின் வஜ்ரப் பசையோ மாட்டுத்தோலைக் காய்ச்சியது. கடைசியில் ஒட்டுவதற்கு வில்வப் பழத்தின் பசையும் பூசுவதற்கு நீர்த்த சோற்றுக்கஞ்சியும் என்று முடிவாயிற்று. ஓர் உயிரையும் நோகடிக்காத விமானம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று சித்தப்பா சிரித்தார்.

இறக்கையில் மட்டும், படை விமானங்களில் இருப்பது போல ஒரு மூவண்ண வட்டம் ஒட்டியிருந்தார். நைனா அதைப் பார்த்துவிட்டார்.

"அந்த வட்டம் என் வீட்ல வேணாம். எடுத்துடு."

திட்டு வாங்கியவரைப் போலவே இல்லை சித்தப்பா. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எடுக்கத் தோதாத்தாண்ணா கஞ்சில ஒட்டியிருக்கேன்."

ஈரத்துணியை வைத்து அழுத்தி, கிழியாமல் உரித்து, பத்திரப்படுத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ராஜகிரி அடிவாரப் பாறையிலிருந்து வட்டமில்லாமலே பறக்கவிட்டோம். லீவு முடிந்து அவர் பஸ் ஏறும்வரை நைனா வேறெதுவும் பேசவில்லை.

சண்டை தொடங்கியது. ஒரு மத்தியானம் தந்தி வந்தது. அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா இருந்த விமானத் தளத்தில் குண்டு விழுந்துவிட்டதாக வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு நைனா அந்த வட்டத்தைக் கேட்டார். கிளைடரை மடியில் வைத்துக்கொண்டு வில்வப் பசையைத் தடவினார். அது ஒட்டினால் பிய்க்கவே வராது. நைனாவுக்கு விவரம் போதவில்லை என்று எனக்குப் பட்டது.

"கஞ்சில ஒட்டு நைனா. அப்பதான் எடுக்க வரும்."

"எடுக்க வேணாம் பாப்பா."

அவர் அதை நீவிக்கொண்டே இருந்தார். சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த லீவில் அவர் வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் நான்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.