பல் கட்டும் சீனாக்காரர் வாசலில்

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததே, அந்த மாசி மாதத்தில் நடந்தது இது. தேனி பஜாரில், நல்ல வெயில் நேரத்தில்.

நான் அப்போது மிஷனில் ஊழியக்காரி. போடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். வாய் கொஞ்சம் நீளம். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் போகத் தயங்கிய ஒரு சந்துக்கு என்னை அனுப்பினார்கள். பஜாருக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் சீனாக்காரர் குடும்பங்கள் சில குடியிருந்தன. சைக்கிளில் பட்டுத்துணி மூட்டை கட்டிக்கொண்டு கம்பம் வரைக்கும் விற்கப் போகிறவர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள், அப்புறம் பல் கட்டுகிறவர் ஒருவர். அவருடைய கடை சந்து முனையில், பஜாரைப் பார்த்தபடி இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர்களுக்கு வேதம் சொல்வது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, நோய் நொடி என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, இதுதான் என் வேலை.

போன இடத்தில் மரியாதைக்குக் குறைவே இல்லை. பாலும் சர்க்கரையும் போடாத தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். ஞானஸ்நானம் எடுக்கத்தான் ஒருவரும் வரவில்லை. ஆத்தும அறுவடை எப்படி இருக்கிறது என்று மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானி கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் பல் கட்டுகிறவரின் மனைவி எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். சிங்கப்பூரில் தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள், நம் பேச்சை நன்றாகவே பேசுவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அம்மாவும் தம்பியும் சிங்கப்பூரிலேயே இருந்தார்கள்.

தை கடைசியிலோ மாசியிலோ அவர்களுக்குப் புது வருஷம் பிறக்கும். வாசலில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள், சரவெடி போடுவார்கள். அந்த நாட்களில் கோபமாக ஒரு சொல் பேசக் கூடாது, அழக் கூடாது, சாவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. மீறினால் வருஷம் முழுக்க அதுவே தொடரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாசலுக்கு யார் வந்தாலும் சிரித்த முகத்தோடு ஆரஞ்சுப்பழம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இதெல்லாம் வீண் சடங்கு என்று நான் அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்திருக்கிறேன். அதற்கும் தலையாட்டினாள்.

அந்த வருஷம் பார்த்து, புது வருஷமும் சிங்கப்பூர் விழுந்த செய்தியும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நம் பக்கத்துப் பிள்ளைகள் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் நிறையப் பேர் இருந்த காலம். பேப்பரை ஒருவர் வாசிக்க வாசிக்க பஜாரே கலங்கிப் போனது. அந்த நேரத்தில்தானா சந்துக்குள் சரவெடி வெடிக்க வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்தபோது பல் கடை வாசலில் நிற்க இடமில்லை. ஜப்பான் ஜெயித்ததை இவர்கள் வெடி போட்டுக் கொண்டாடுகிறார்கள் என்று கூட்டம் முடிவே கட்டிவிட்டது. சீனாக்காரனையும் ஜப்பான்காரனையும் பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவர் ஒரு பருத்தி மண்டிக்காரர், ஊரில் பெரிய மனிதர். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்த்தான்.

"எம் மகன் உசுரோட இருக்கானான்னு தெரியாமக் கெடக்கேன். இவன் இங்கன வெடி போட்டுச் சிரிக்கிறான் பாருங்க. பொழுது சாயுறதுக்குள்ள அம்புட்டுப் பேரும் ஊரை விட்டுக் கெளம்பணும்."

பல் கட்டுகிறவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்த முகத்தோடு எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே நின்றார். புது வருஷத்தில் சண்டைப் பேச்சு கூடாதே! அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கத்தான் கூட்டத்துக்கு வெறி ஏறியது. ஒருவன் சிவப்புத் தாளைக் கிழித்தான். எங்கிருந்தோ ஒரு கல் வந்து பெயர்ப்பலகையில் விழுந்தது. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள்.

முண்டியடித்துக்கொண்டு போய்ப் படியில் ஏறி நின்றேன். "இது அவுக வருசப் பொறப்பு. நாம சித்திரைக்குக் கொண்டாடுறதில்லையா? அந்த ஜப்பான்காரன் இவுக நாட்டுக்குள்ளயும் பூந்து அடிச்சவன்தான்" என்றேன்.

"வேதக்காரம்மா, நீங்க அவுக ஆளு. ஒதுங்குங்க" என்றார் மண்டிக்காரர். ஒதுங்கு, ஒதுங்கு என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது.

எனக்கு வந்ததே ஆத்திரம். அவர் கத்தக் கத்த அவருடைய மேல்வரிசைப் பல் இறங்கி இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வரிசையைக் கட்டியது யார் என்று ஊருக்கே தெரியும்.

"அய்யா, இவுக ஜப்பான்காரன் ஆளுன்னா, இவுக கட்டுன பல்லை வாயில வச்சுக்கிட்டா பேசுவீக? கழத்தி இந்தப் படியில வையுங்க. இங்கன இவுககிட்டப் பல்லு கட்டுன அம்புட்டுப் பேரும் வையுங்க. அப்புறம் ஊரை விட்டுப் போகச் சொல்லுவோம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டத்தில் நாலைந்து பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். மண்டிக்காரரின் கையும் அவரை அறியாமல் வாய்க்குப் போனது. சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது.

அந்த நேரம் உள்ளேயிருந்து பல் கட்டுகிறவரின் மனைவி வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப்பழம். முகத்தில் சிரிப்பு, உதடு மட்டும் நடுங்கியது. நேரே மண்டிக்காரர் முன்னால் வந்து இரண்டு பழத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இவளோட ஆத்தாளும் தம்பியும் சிங்கப்பூர்லதான் மாட்டிக்கிட்டாக. இந்த நாள்ல அழுதா வருசம் பூரா அழுகை நிக்காதாம். அதான் அழுகாம நிக்கிறா. இது சந்தோசச் சிரிப்புன்னா நெனைச்சீக?"

மண்டிக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். "ஒங்காத்தா எங்கன இருக்காக?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"சிராங்கூன் ரோட்டுப் பக்கம்."

"எம் மகனும் அந்தப் பக்கம்தான்" என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் குனிந்து பழத்தை அவர் கையில் வைத்தாள். "இன்னிக்கு நல்லதுதான் சொல்லணும். ஒங்க மகன் வருவான், அய்யா. எங்க அம்மாவும் வருவாங்க" என்றாள்.

அவ்வளவு பெரிய மனிதர் பஜார் பார்க்க அழுதார். அவள் அழவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தட்டோடு கூட்டத்துக்குள் இறங்கினாள். பழம் போதவில்லை என்று சுளை சுளையாகப் பிரித்துக் கொடுத்தோம். நானும் நின்று தோல் உரித்தேன். வாங்காமல் போனவர் யாருமில்லை.

ஆனாலும் மறுநாள் காலையில் எனக்குப் பயம் விட்டபாடில்லை. கடையைத் திறந்து வைத்தும் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமோ சந்தேகமோ தெரியாது. பிழைப்பு போனால் அவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதானே. என்ன செய்வது என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சந்தைக்கு ஆள் கூடுகிற நேரமாகப் பார்த்து மண்டிக்காரர் வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நடந்து வந்தார். கடையில் இருந்த நாற்காலியைத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அதில் உட்கார்ந்து, ஊரே பார்க்க வாயைப் பிளந்தார்.

"நேத்துக் கத்துனதுல பல்லு ஆடுது. இறுக்கிக் குடுங்க, வைத்தியரே."

வேலை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒனக்கும் பல்லு வலிக்குதுன்னியே என்று கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் வாசலில் வரிசை நின்றுவிட்டது. துண்டால் வாயை மூடியவர்கள்தான் முதல் ஆட்கள். பல் கட்டுகிறவருக்குக் கை ஓயவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போய், சிரித்தாள் பாருங்கள், அது நிஜச் சிரிப்பு. அன்றைக்கு நான் பஜார் வழியாகத் திரும்பியது தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் நடப்பது போல.

அந்தக் குடும்பம் யுத்தம் முடிந்தும் பல வருஷம் தேனியிலேயே இருந்தது. சத்துருவை நேசிப்பது பற்றி அந்த வீட்டில் உட்கார்ந்து நான் எத்தனையோ நாள் பேசியிருக்கிறேன். தன் தாய் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத ஒரு பெண், தன் வீட்டின் மேல் கல் விழச் செய்தவரிடம் உங்கள் மகன் வருவான் என்று சொல்லக் கேட்டபோதுதான், நான் பேசியதற்கெல்லாம் அர்த்தம் என்னவென்று எனக்கே தெரிந்தது.