நனையாத பிரதி

விதி இதுதான். விழக்கூடிய மரம் பற்றி முறைப்பாடு கிடைத்தால், உரிய உத்தியோகத்தர் தாமதமின்றி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உயிராபத்து உண்டென்று கண்டால், கடிதப் போக்குவரத்துக்குக் காத்திராமல் மரத்தை வெட்டுவிக்கலாம். கடிதங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அரசாங்க சேவையில் இருந்த காலத்தில் இந்தச் சுற்றறிக்கையை அலுவலகக் கோவையில் கோத்து, ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டவன் நான்தான். ‘கடிதங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்’ — இத்தனை புத்தியுள்ள ஒரு வசனம் எப்படி எங்கள் அலுவலகங்களுக்குள் நுழைந்தது என்று அப்போதே ஆச்சரியப்பட்டேன்.

பயப்பட வேண்டாம். அதை யாரும் பயன்படுத்தவில்லை.

ஏப்ரல் கடைசி வாரம். பதுளை வெந்துகொண்டிருந்தது. மலைநாடு என்று நம்பி ஸ்வெட்டரோடு ரயிலிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சுற்றிவர மலைகளை நிறுத்திவிட்டு, நகரத்தை மட்டும் சட்டியின் அடியில் வைத்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி வெக்கையை ஒரு மூலையிலிருந்து எடுத்து அடுத்த மூலையில் போடும். அரசாங்க இடமாற்றம் மாதிரி... ஆள் மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது.

வானொலியில் தினமும் ஒரே அறிவித்தல். ஊவா மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்வதற்கான சாத்தியம் உண்டு.

சாத்தியமாம்! இந்த நாட்டில் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போவது அந்த இடி ஒன்றுதான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ராசம்மா வந்தார்.

வாசகர்களுக்கு ராசம்மாவைத் தெரியாது. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஞாயிறுதோறும் தன் காய்கறிகளோடு பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

“ஐயா, பலாக்காய் கொண்டாந்திருக்கேன். கூடவே ஒரு கம்ப்ளைன்டும் கொண்டாந்திருக்கேன். எத மொதல்ல எறக்கட்டும்?”

“எது பாரமோ அதை இறக்குங்க.”

“எங்க லயத்துக்கு மேல ஒரு டர்பன்டைன் மரம் நிக்குதுங்க. போன வருசம் இடி விழுந்து கருகிப்போச்சு. எல ஒன்னும் இல்ல. காத்தடிச்சா முனகுது.”

“எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?”

“எங்க பக்கந்தாங்க. தொரை பங்களா பக்கம் சாய்ஞ்சிருந்தா இந்நேரம் வெறகாகியிருக்குமே!”

அவருடைய லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழான தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், ஆறு வீடுகள். வீடு என்று நான்தான் சொல்கிறேன். அவர்கள் காம்பரா என்பார்கள். அதுதான் சரி. ஆளுக்கு ஓர் அறைதான். பிற்பகலில் வானம் கறுத்ததும் ஆறு காம்பராச் சனமும் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுகிறதாம். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. பள்ளத்தில், மரத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

“கெழடு கட்டையெல்லாம் தொட்டிலுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டிருக்குங்க. பாத்தா சிரிப்பாத்தான் இருக்கும்” என்றார் ராசம்மா. அவர் சிரிக்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“எந்தம்பி சௌந்தரம் மரம் அறுக்கிற ஆளு. வாள், கயிறு எல்லாம் எடுத்து வச்சுட்டான். இன்னைக்கு எல்லாரும் லயத்துலதான் இருக்காங்க. மேலருந்து துண்டு துண்டா எறக்கிறலாம்னு சொல்றான். ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

கேட்காமல் செய்திருக்கலாம். தோட்டத்துச் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது — படித்த ஆள் ஒருவரைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார்கள். நல்ல வழக்கம் என்று நான்கூட இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

“ஐயோ, செஞ்சிடாதீங்க!” என்றேன். “அனுமதி இல்லாம வெட்டினா வழக்கு வரும். சௌந்தரத்தைப் பொலிஸ் கொண்டு போயிரும்.”

“அப்ப சட்டத்துல வழியே இல்லீங்களா?”

“ஏன் இல்ல? உயிராபத்துன்னா காத்திருக்காம வெட்டலாம்னு தெளிவா இருக்கு.”

“அதத்தானே நாங்களும் சொல்றோம்!”

“அதிகாரி வெட்டலாம் ராசம்மா. நீங்க வெட்டக் கூடாது.”

ராசம்மா பலாக்காயை என் காலடியில் இறக்கி வைத்தார்.

“ஆபத்து எங்களுக்கு, வாளு அவங்களுக்கா?”

நல்ல கேள்வி. நாற்பது வருட சேவையில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் என்னிடம் கேட்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

கடிதம் அருமையாக வந்தது. அதை மறைப்பானேன்? தலைப்பு, சுற்றறிக்கை இலக்கம், லயத்தின் அமைவிடம், ஆறு குடும்பங்களின் விபரம், ‘அவசரம்’ என்று மேலே அடிக்கோடு. பிரதேச செயலகத்துக்கு மூலப்பிரதி. தோட்ட நிர்வாகத்துக்கும் வீதிப் பொறுப்பு அலுவலகத்துக்கும் பிரதிகள். ராசம்மா கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை அவர் மலைக்குப் போகாமல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு செயலகத்துக்கு வந்தார். கடிதத்தைக் கொடுத்து, எங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்ற முத்திரையைக் குத்தி வாங்கினேன். அதை ராசம்மாவின் கையில் கொடுத்துச் சொன்னேன்:

“இதைப் பத்திரமா வைங்க. நாளைக்கு ஏதாவது நடந்தா, நாம சொன்னோம் என்கிறதுக்கு இது ஒன்னுதான் சாட்சி. தொலைச்சிடாதீங்க. நனைச்சிடாதீங்க.”

“வீட்டுப் பத்திரம் மாதிரின்னு சொல்லுங்க” என்றார். “அதுதான் எங்ககிட்ட இல்லியே, இதையாச்சும் வச்சுக்கிறோம்.”

இனி, அந்த வாரம் எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மரம் தோட்டத்துக்குரியது அல்லவாம்; வீதியோரத்து அரசாங்க நிலத்தில், அதாவது வீதி ஒதுக்கில் நிற்கிறதாம். புதன்கிழமை வீதி அலுவலகத்துக்குப் போனேன். தோட்டக்காரர் நட்ட மரத்துக்கு வீதி எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டார்கள். வியாழன் மறுபடியும் செயலகம். விடயத்துக்குப் பொறுப்பான பெண் முன்பு என்னிடம் வேலை பழகியவர். மரியாதை தெரிந்த பிள்ளை.

“உக்காருங்க சார். ஃபைல் திறந்துட்டோம். தோட்டமும் வீதியும் தங்களுடையது இல்லைன்னு எழுத்தில தந்தா, அடுத்த கட்டத்துக்குப் போயிரலாம்.”

“அந்தச் சுற்றறிக்கையில...”

“தெரியும் சார். ஆனா வெட்டின பிறகு யாராவது உரிமை கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? காகிதம் இல்லாம கையை வைக்காதேன்னு நீங்கதானே சார் சொல்லித் தந்தீங்க?”

சொல்லித் தந்தேன்தான். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதே இரண்டு கடிதங்களைத்தான் கேட்டிருப்பேன். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லி இந்தப் பத்தியை முடித்துவிடலாம் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது...

அன்று பிற்பகல் ராசம்மா தொலைபேசியில் வந்தார். பின்னால் குழந்தைகளின் அழுகை; தூரத்தில் உறுமல்.

“ஐயா, மேகம் எறங்கிருச்சு. புள்ளைக் காம்பராவுலதான் இருக்கோம். ஒங்க பேப்பர் எங்க வரைக்கும் வந்திருக்கு?”

“பரிசீலனையில இருக்கு ராசம்மா.”

“மரமும் பரிசீலனையிலதாங்க இருக்கு. எந்தக் காம்பராவுல விழலாம்னு பாத்துக்கிட்டு நிக்குது.”

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே காற்று இல்லை. ஓர் இலை ஆடவில்லை. குடித்த தண்ணீரெல்லாம் வியர்வையாக வெளியே வந்து நின்றது. இரண்டரை மணிக்கு ஒரே ஓர் இடி. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மின்சாரம் போனது. பிறகு மழை.

நான்கு மணிக்குச் சௌந்தரம் தொலைபேசியில் பேசினார். நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஆறு குடும்பமும் வழக்கம்போலப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிட்டது. தலை எண்ணிப் பார்த்தார்கள், எல்லாரும் இருந்தார்கள். மழை தகரத்தில் விழத் தொடங்கியதும் ராசம்மா எழுந்து நின்றாராம்.

“எங்கக்கா போற?”

“ஐயா குடுத்த பேப்பர் சாமிப் படத்துக்குப் பின்னால இருக்குடா. அந்த மூலையிலதான் ஒழுகும்.”

“நனைஞ்சா நனையட்டும். விடுக்கா!”

“நனைக்காதன்னு சொல்லியிருக்காருடா. அது ஒன்னுதான் சாட்சியாம்.”

போனார். பேப்பரை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட்டார். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைக்கு வந்து படியில் கால் வைக்கும்போது மரம் விழுந்தது.

மற்ற ஐந்து காம்பராக்களிலும் ஒரு கோழிகூடச் சாகவில்லை. கூரையைத் தாங்கும் வளை ஒன்று ராசம்மாவின் இடது காலில் விழுந்திருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். தோட்டத்து லொறியில் கிடத்தி, மழைக்குக் கறுப்புப் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு பதுளைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நடக்கலாம் என்றார் டொக்டர். கூடையோடு மலை ஏறலாமா என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மலை ஏறாவிட்டால் ராசம்மாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்தக் காம்பராவில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்பது தோட்டத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

ராசம்மா என்னைக் கண்டதும் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார்.

“பாருங்க ஐயா. நனையல.”

முத்திரை தெளிவாக இருந்தது. திகதிகூட அழியவில்லை. ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மரத்தின் கதை அத்தோடு முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் மரம், அளக்க வேண்டும் என்றார்கள். பத்தரைக்கு வீதி அலுவலகத்து ஜீப். வீதி ஒதுக்கில் நின்ற மரம், எங்களுக்குச் சேரும் என்றார்கள். மத்தியானத்துக்கு முன்னால் செயலகத்திலிருந்து ஒருவர் வந்து, உரிமை தீர்மானிக்கப்படும்வரை யாரும் தொடக் கூடாது என்று அடிமரத்தில் வெள்ளை மையால் இலக்கம் போட்டார். விடுமுறை நாள்! களப்பரிசோதனை என்றால் என்ன என்று அத்தனை பேருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நின்றபோது அது அநாதை. விழுந்ததும் மூன்று தகப்பன்மார்.

மரம் இன்னும் லயத்தின் மேல் கிடந்ததால், ஆறு குடும்பமும் பிள்ளைக் காம்பராவில் சமைக்க வேண்டியிருந்தது. சௌந்தரம் ஒரு கிளையை விறகுக்கு இழுத்தாராம். “அனுமதி இல்லாம எடுக்காதே” என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் கிளையைப் போட்டுவிட்டுச் சொன்னது இது:

“ஞாயித்துக்கெழம அக்கா பதுளைக்குப் போகாம இருந்திருந்தா, இன்னைக்கு எனக்கு ஜெயில். அவளுக்குக் கால் நல்லா இருந்திருக்கும். பரவாயில்லன்னு போயிருப்பேன்.”

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவர் இன்றுவரை மரியாதையாகத்தான் பேசுகிறார்.

மே முழுவதும் பதில் வரவில்லை. இடிக்காலம் முடிந்து, பதுளையில் காற்றுக்காலம் தொடங்கிய பிறகு வந்தது. ராசம்மாவுக்கு மூலப்பிரதி, எனக்குப் பிரதி. அன்று காலைதான் அவருடைய காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்து எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார்.

நல்ல தமிழ். ஓர் எழுத்துப் பிழை இல்லை. மேற்படி டர்பன்டைன் மரத்தை வெட்டி அகற்றுவதற்கு இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது. வெட்டுமுன் மரத்தை நான்கு பக்கமும் படம் பிடித்துச் சமர்ப்பிக்க வேண்டும். பணியின்போது உயிருக்கோ உடைமைக்கோ சேதம் ஏற்பட்டால் விண்ணப்பதாரரே பொறுப்பு.

ராசம்மா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். மடித்து, அதே பிளாஸ்டிக் பைக்குள், பழைய பிரதிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதையும் நனையாம வச்சுக்கணுங்களா ஐயா?”

நான் என் பிரதியை எடுத்து, பழக்கதோஷத்தில், மேல் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: ஜூன் 11.