வாசமில்லாத கேஸ்

குளிர்சாதனத்துக்கு எந்த வாயு நல்லது என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடுவதுதான் இன்று என் வேலை. எது தீப்பிடிக்கும், எது நஞ்சு, எது வானத்தைக் கெடுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டியலின் கீழே என் பெயர் அச்சாகி வரும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். ஆனாலும் கடைசியில், யாரும் கேட்காத ஒரு கட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்துக்கொள்வேன்: வாசம்.

மோகனூர்ப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் அப்பா வேலை பார்த்தார். அங்கே முதலில் ஓடியது அமோனியா. துளி கசிந்தாலும் கண் எரியும். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். தெருக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் முதலாளி மெஷினையே மாற்றினார். புது கேஸ் வெளிர்பச்சை சிலிண்டர்களில் வந்து இறங்கியது.

மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என்னை அப்பா அதன்முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுல என்ன போட்டிருக்குதுன்னு படி சாமி."

ஆர், இரண்டு, இரண்டு என்று உரக்கப் படித்தேன். அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள். அப்பா அவற்றின்மேல் விரலை ஓட்டினார்.

"இந்தப் பொடி எழுத்து?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதுவும் அதேதானுங்கப்பா."

"எம்புள்ள இங்கிலீசு படிச்சுப்புட்டா" என்று அன்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

புது கேஸுக்கு வாசமே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி.

சில மாதங்கள் போயின. ஐஸ் கட்டிகள் நடுவில் இறுகாமல் தண்ணீராகவே நின்றன. ஏ.சி. மெக்கானிக்காக இருந்த என் தாய்மாமனை வரச்சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுப் போசியோடு நானும் போயிருந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் ஐந்து படி இறங்கும் ஒரு பள்ளம் உண்டு. அதன் அடியில் கம்பெனி நாய் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டேன். காதுகூட அசையவில்லை.

"குளுகுளுன்னு இருக்குதுன்னு தூங்கறான் பாரு, கள்ளன்" என்று அதை எழுப்ப அப்பா இறங்கினார்.

குனிந்தவர் நிமிரவில்லை. நாயின் பக்கத்திலேயே மெல்ல உட்கார்ந்தார்.

"அப்பா, சோறு ஆறுதுங்க."

அண்ணாந்து பார்த்தார். யாரோ தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு சிரித்தார். "செத்த இரு சாமி... தூக்கமா வருது."

அப்போதுதான் கசிவு பார்க்கும் விளக்கைப் பற்றவைத்துக்கொண்டு மாமா வந்தார். நீலச் சுடர்; கேஸ் பட்டால் பச்சையாகும். பள்ளத்தின் முதல் படிக்கு அதை இறக்கினார். சுடரின் ஓரம் பச்சையானது. இரண்டாம் படியில் முழுப் பச்சை. மூன்றாம் படியில், காற்றே அசையாதபோதும், யாரோ ஊதியதுபோல அணைந்தது.

"மச்சான்! மேல வாங்க!"

அப்பா சிரித்தபடியே இருந்தார். மாமா மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி அவரை இழுத்தார். மேலிருந்து கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் தூக்கினார்கள். அப்பாவின் உதடுகள் நீலமாக இருந்தன. வெளியே மரத்தடியில் கிடத்தினார்கள்; வெகுநேரம் கழித்துத்தான் இருமினார். நாய் எழவே இல்லை.

"சிலிண்டர்லயே எழுதியிருக்குமே மச்சான், பள்ளத்துல தேங்கும், மூச்ச அடைக்கும்னு! ஒருத்தர்கூடவா படிச்சுச் சொல்லல?" என்று மாமா கத்தினார்.

அப்பா என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "இங்க படிக்கத் தெரிஞ்சவங்க ஆரு இருக்கறாங்க மாப்ளே?"

ஊரெல்லாம் பீற்றியவர் என்னை மறந்துவிட்டாரே என்று அந்த வயதில் எனக்கு அழுகையாக வந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.