மூவரில் இருவர்

ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் கேட்டுக் கேட்டு ஆபீசில் அவளுக்குக் ‘காதக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஹெட்போனில் பழைய அழைப்பு ஒன்று ஓடும். முடிந்ததும் ‘அவசரம்’ அல்லது ‘காத்திருக்கலாம்’ என்று அழுத்த வேண்டும். ஒரே அழைப்பை மூன்று பேர் தனித்தனியே கேட்பார்கள். இருவர் சொன்னதுதான் சரி. அதைப் பார்த்துத்தான் யாருக்கு முதலில் வண்டி அனுப்புவது என்று மிஷின் கற்றுக்கொண்டது.

வந்த புதிதில், நிதானமாகப் பேசிய ஒரு பெரியவருக்கு அவள் ‘அவசரம்’ என்று போட்டாள். அவர் வார்த்தைக்கு வார்த்தை மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது. மற்ற இருவருக்கும் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் வந்து நின்றான்.

“காதக்கா, இவரு கரண்ட் பில் கட்ட வந்தவர் மாதிரி பேசறாரு. இதுவா அவசரம்? தனியா நின்னா மார்க் போகும். மூணு தடவை போனா வேலையும் போகும்.”

அன்றோடு அவள் குரலைக் கேட்பதை விட்டாள். மற்ற இருவரும் எதை அழுத்துவார்கள் என்று மட்டும் யோசித்தாள். மெதுவாகப் பேசியவர்களை எல்லாம் காக்க வைத்தாள். அந்த வருடம் அவள்தான் முதல் மார்க்.

தையல்கடை வைத்திருந்த அவள் கணவர் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர்.

“உங்க குரலுக்கு நம்ம வீட்டுப் பூனைகூடத் திரும்பாதுங்க.”

“நீ திரும்பினா போதாதா?”

ஒரு பகலில், கடையில் தனியாக இருந்தபோது அவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மிஷின் கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னது. ஐம்பது நிமிடம் கழித்து வண்டி வந்தபோது, கழுத்தில் அளவு டேப்போடு மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். உயிர் இல்லை.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். மிஷின் தயங்கித் தயங்கி முடிவெடுத்த பழைய அழைப்புகள், அது சரிதானா என்று பார்க்க மூவரிடம் வரும். அன்று நான்காவதாக வந்தது அந்தக் குரல்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணுங்க. நெஞ்சு லேசா வலிக்குது. என் சம்சாரம் வேலையில இருக்கா, அவளுக்குச் சொல்ல வேண்டாம்...”

அவள் ‘அவசரம்’ மேல் அடித்தாள். நகம் பிளக்கும்வரை அடித்தாள். திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது. மற்ற இருவர்: காத்திருக்கலாம்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, மறுபடி பழைய தப்பா?”

வீறிட்டு அலறி அவள் தரையில் சாய்ந்தாள். அவன் பதறிப்போய் போனில் கத்தினான்: “ஐயோ, சீக்கிரம் வாங்க!”

வண்டி ஆறே நிமிடத்தில் வந்தது.