எல்லாவற்றையும் அணைக்கவும்

“2008 பிப்ரவரி, முதல் புதன். ஸ்டோர் அறையில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஆள் அசைவுக்கு எரியும் விளக்கு மூன்று முறை அணைந்தது. கையை ஆட்டினால் மறுபடி எரிகிறது. அசையாமல் நிற்பவனை இந்தக் கட்டிடம் ஆளாகவே மதிப்பதில்லை.”

அன்றைய தேதியில் என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். இங்கிலாந்தின் வடக்கே ஓர் அரசு மருத்துவமனையில் மருந்துக் கிடங்கு உதவியாளனாக இருக்கிறேன். நர்ஸ் வேலைக்கு எடுத்தது என் மனைவியை. நானும் மகளும் அவள் பின்னால் வந்து சேர்ந்தோம். அந்த மாதம் எங்கே திரும்பினாலும் கார்பன் பேச்சு. நோயைக் குணமாக்கும் இடமே இவ்வளவு மின்சாரத்தையும் எரிவாயுவையும் விழுங்கிப் புகையாக வெளியே விட்டால், அந்தப் புகையால் வரும் நோய்க்கு யார் வைத்தியம் பார்ப்பது என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புகையைக் குறைக்கும் வேலைக்குப் பொறுப்பான ஜேனட், பச்சை இலை போட்ட ஸ்டிக்கர் கட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். வேலை முடிந்ததும் அணைக்க வேண்டிய சுவிட்சுகளில் எல்லாம் அதை ஒட்ட வேண்டும்.

“அணைக்கக் கூடாத சுவிட்சுக்கு என்ன ஒட்டுவது?” என்று கேட்டேன்.

“அதற்கு எதற்கு ஸ்டிக்கர்? மருந்து ஃபிரிட்ஜை யாராவது அணைப்பார்களா, லவ்?” இங்கே முன்பின் தெரியாதவரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்கள்; வந்த புதிதில் நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

“அணைப்பார்கள்” என்றேன். வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அணைக்கக் கூடாதவற்றில் ஒட்டச் சிவப்பு ஸ்டிக்கர் கேட்டு மறுநாளும் போனபோது சிரிக்கவில்லை. “வெயில் நாட்டுக்காரர், ஹீட்டரை விட்டுக்கொடுக்க மனசில்லை போலிருக்கிறது” என்றார். எனக்குப் பதில் தெரியும். அதை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. தமிழிலும் அதுவரை ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1998 ஆடி மாதம். உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகிற வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். ஊர்ப் பெயர் வேண்டாம். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகம் விட்டுப் போகும்போது எல்லா மின்சாதனங்களையும் அணைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அதைச் சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒட்டினேன். கூட்டிப் பெருக்கி, காலையில் திறந்து மாலையில் பூட்டுகிற தனத்துக்குப் படிக்கத் தெரியாது. உரக்கப் படித்துக் காட்டினேன். “எல்லாத்தையும், புரியுதா?” என்றும் கேட்டுக்கொண்டேன். என் கண்டிப்பு எனக்கே பிடித்திருந்தது.

தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி என் அறையில்தான் இருந்தது. இரண்டு டிகிரிக்குக் கீழேயும் எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. காலையும் மாலையும் உள்ளே இருக்கும் முள்ளைப் பார்த்து அட்டவணையில் எழுத வேண்டும். நான் பார்க்காமலே நான்கு என்று எழுதினேன், தினமும் இரண்டு வேளையும். திறந்தால் குளிர் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். தேதியில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. டிகிரிதான் பொய். நான் ஒன்பது மணிக்குப் போகும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கே தனம் வந்து எல்லாவற்றையும் போட்டுவிடுவாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரம் லைனில் பழுது வேறு. பகலிலும் பாதி நேரம் கரண்ட் இல்லை.

அடுத்த புதன், தடுப்பூசி நாள். குப்பிகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அடிக்கூடை ஈரமாக இருந்தது. கரண்ட் வந்து போனால் ஈரம் சகஜம் என்று மூடினேன். முள்ளைப் பார்க்கவில்லை. தட்டம்மை ஊசி ஒரு குப்பியில் ஐந்து குழந்தைகளுக்கு. முதல் குழந்தை ஒன்பது மாதம் நிரம்பிய என் மகள். கடைசியாக வந்தது ராணி. ஊர்க்கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து அவள் அம்மா கன்னியம்மா தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“இன்னா சார், இந்த ஊசி போட்டுக்கினா அம்மை வராதா?”

“வராது.”

“ஆத்தாளே கெளம்பி வந்தா இன்னா பண்ணுவ?”

“டோக்கன் வாங்கிக்கினு வரிசையில நிக்கச் சொல்லுவேன்.” சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்தாள். ராணி மட்டும் வீறிட்டு அழுதாள்.

மறுநாள் பஸ் முன்னதாகவே கிடைத்ததால் ஏழரைக்கே போய்விட்டேன். ஜன்னல் வழியாக அறையைப் பார்த்தேன். குளிர்ப்பெட்டி ஓடும் சத்தம் இல்லை. தனம் வந்து கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் நின்றது. முள் பத்தொன்பதில் இருந்தது.

“இத்த யாரு அணைச்சது?”

“நான்தான் சார், டெய்லி. நீதான படிச்சிக் காட்டன, எல்லாத்தையும்னு. அது பாட்டுக்கு உர்ருனு கத்திக்கினே கீது. நான் இன்னா, என் வூட்டு கரண்ட்டயா மிச்சம் பண்ணேன்?” என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “இன்னா சார் ஆச்சி? ஏதாவது பேஜாரா?”

கிராம செவிலியர் வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். மற்ற ஊசிகளுக்கு இன்னொரு தவணை வரும். அப்போது தட்டம்மைக்கு இருந்தது ஒரே தவணை.

“மேல எழுதுங்க சார். எழுதுனா ஜில்லாவுலேர்ந்து ஆள் வந்து அஞ்சு புள்ளைங்களையும் தேடிப் பிடிப்பாங்க.”

“எழுதினா தனம் வேலை போயிடும்மா.”

“தனத்த சொல்றீங்களா, உங்கள சொல்றீங்களா?”

நான் எழுதவில்லை. குப்பிகளைக் கொட்டிவிட்டு, காலாவதி என்று பதிந்தேன். வெள்ளிக்கிழமை மகளைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தனியார் டாக்டரிடம் தட்டம்மை ஊசியை மறுபடி போடவைத்தேன். உள்ளூரிலேயே இருந்த மூன்று குழந்தைகளுக்கு வசந்தா ஏதோ காரணம் சொல்லி மறுபடி போட்டுவிட்டாள். அவள் ராணியைத் தேடிப் போனபோது குடிசை காலியாக இருந்தது. முந்தின நாளே குடும்பத்தோடு செங்கல் சூளைக்கு லாரி ஏறிவிட்டார்கள். எந்தச் சூளை என்று அக்கம்பக்கத்தில் தெரியவில்லை. விசாரிக்க அதிகாரம் உள்ளவர்களுக்கு, விசாரிக்க வேண்டும் என்பதே தெரியாது.

இது நடந்து பத்து ஆண்டு ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பிப்ரவரியிலேயே, குழந்தைகள் பிரிவின் தடுப்பூசி ஃபிரிட்ஜ் இருந்த சுவரில் பச்சை இலையைப் பார்த்தேன். ஓர் இரட்டை சாக்கெட். பக்கத்து ஹீட்டருக்காக யாரோ ஒட்டியது, இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் இருந்தது. கிழித்து எடுத்துவிட்டு, தவறு நேர்ந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்கும் சம்பவப் படிவம் எழுதினேன். ஜேனட் கூப்பிட்டனுப்பினார்.

“ஒன்றும் நடக்கவில்லையே, எதற்குப் படிவம்?”

“நடந்த பிறகு ஒரு முறை எழுதாமல் விட்டிருக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கே? இங்கேயா?”

“இல்லை, என் நாட்டில்.”

“ஓ, அங்கே” என்றார். அவர் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அங்கே கெட்டுப்போன மருந்து கெட்டது ஆகாது என்பது போல. ஆனாலும் அந்த வாரமே சிவப்பு ஸ்டிக்கர் வரவழைத்தார். சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. இந்தப் புகையைக் குறைத்தே ஆக வேண்டும். ஊரில் இருக்கும் நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு காகிதத்தை ஒட்டத்தான் போகிறீர்கள். ஒட்டுகிறவர், எதை அணைக்கக் கூடாது என்பதை முதலில் எழுதட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து வசந்தாவுக்கு எழுதினேன். பதில் ஏப்ரலில் வந்தது. கன்னியம்மா குடும்பத்தைத் தாமல் ஏரிப் பக்கம் ஒரு சூளையில் பார்த்ததாக ஒருவர் சொன்னாராம். ஆந்திரப் பக்கம் போய்விட்டார்கள் என்று இன்னொருவர். அந்தச் சூளையில் ஒரு கோடையில் குழந்தைகளுக்கு அம்மை கண்டது, ஒரு பெண் குழந்தை தக்கவில்லை என்று கேள்வியாம். எந்த ஆண்டு, யார் குழந்தை என்று சொல்ல ஆள் இல்லை.

என் மகளுக்கு இந்த நாட்டில் மூன்றாவது முறையாகவும் போட்டார்கள். நாங்கள் வந்த புதிதில், ஊர்த் தடுப்பூசி அட்டையில் இருந்த முதல் தேதியை இங்கிலாந்து நர்ஸ் ஒருத்தி ‘சரிபார்க்க இயலாது’ என்று பேனாவால் அடித்தாள். மகள் அன்றே இந்த ஊர்ப் பிள்ளையாகிவிட்டாள். அன்று ஊசி போட்ட குழந்தைகளை வரிசையாக எழுதிய என் பழைய குறிப்பேட்டில் அதே தேதியை என்னால் அடிக்க முடியவில்லை. அதில் அவள் பெயருக்கு நான்கு வரி கீழே ராணியின் பெயர் இருக்கிறது. சூளையில் இறந்த குழந்தை ராணிதானா, அவளுக்கு யாராவது எங்காவது மறுபடி ஊசி போட்டார்களா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.